பூவநாதன் பெயரில் ஒரு குளவி

புதுக் குளவியைப் பற்றிய தன் கட்டுரையை ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் பன்னிரண்டு மணிக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும், இப்போது பத்தேகால், பிழைகளையெல்லாம் தங்கபுஷ்பம் நேற்றே திருத்தி முடித்துவிட்டாள், இரண்டாம் படத்துக்குக் கீழே விட்டுப்போன அளவு, மூன்றாம் பக்கத்தில் இரண்டு தடவை வந்த ஒரு சொல், அவ்வளவுதான், மிச்சம் ஒரே ஒரு வரி. பெயர்க் காரணம் என்ற சின்னத் தலைப்புக்குக் கீழே கிடக்கிற அந்த வரியைக் காலையிலிருந்து நாற்பது தடவையாவது படித்திருப்பாள். இந்த இனத்துக்கு ஆசிரியரின் சிற்றப்பா, கோவில்பட்டி பூவநாதனின் பெயர் சூட்டப்படுகிறது. ஆங்கிலத்தில் அது இன்னும் பணிவாக இருந்தது, படிக்கிறவன் என்ன பாசம் என்று நினைப்பான், நினைக்கட்டும். கோயம்புத்தூரில் இந்த ஆராய்ச்சி நிலையத்து மாடியறையில் இருபத்திரண்டு வருஷமாகக் குளவிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நாற்பத்தொன்பது வயதாகிறது, இடது தோள் குனிந்து குனிந்தே இறங்கிவிட்டது, இதுவரை பதினோரு புது இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறாள், மலையின் பெயர், ஆற்றின் பெயர், கால் நீளம், நிறம், இப்படி எதையாவது. ஆள் பெயர் வைத்ததே இல்லை. ஒரு ஆளுக்காகக் காத்திருந்தாள். புதிதாக ஓர் உயிரைக் கண்டவர்தான் அதற்குப் பெயர் வைக்க வேண்டும், தன் பெயரை வைத்துக்கொள்வது மட்டும் இந்தத் தொழிலில் வெட்கங்கெட்ட காரியம், மற்றபடி யார் பெயரும் ஆகலாம், ஒரு தடவை அச்சாகிவிட்டால் வைத்தவரே மனசு மாறினாலும் மாற்ற முடியாது. மாற்ற முடியாது என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. உரித்தாலும் வராதபடி அந்த மனுஷன்மேல் ஒட்ட ஒன்று வேண்டியிருந்தது, முப்பத்தெட்டு வருஷமாக.

நுண்ணோக்கிக்குக் கீழே ஊசியில் நிற்கிறது குளவி. அரிசி நீளம்தான், பச்சை, கழுத்துப் பக்கம் நீலம், வால் நுனியில் செம்பு நிறம், எந்தப் பொற்கொல்லனும் இப்படி மெருகு போட முடியாது. அதன் அழகுக்காக அவள் தேர்ந்தெடுக்கவில்லை, அதன் பிழைப்புக்காகத் தேர்ந்தெடுத்தாள். இது கூடு கட்டாது. வேறொரு குளவி வாயில் மண்ணுருண்டை சுமந்து சுமந்து சுவரோரம் வீடு கட்டும், பிள்ளைக்குத் தின்னப் பச்சைப் புழு பிடித்து உள்ளே அடுக்கும், முட்டையிடும், மண் எடுக்க இன்னொரு நடை போகும், அந்த ஒரு நடைக்குள் இது நுழைந்து தன் முட்டையையும் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாட்டம் வெளியே வந்துவிடும். பிறகு வாசலை அடைப்பது வீட்டுக்காரிதான். உள்ளே இதன் பிள்ளை அவள் பிள்ளையைத் தின்னும். தின்று கொழுத்து, அவள் கட்டிய சுவரை உடைத்துக்கொண்டு இது வெளியே வரும், இதே பளபளப்போடு. முதல் தடவை பரிசோதனைக் கூண்டில் அது வெளியே வந்தபோது தங்கபுஷ்பம் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். வாங்க சித்தப்பா, என்றாள் அதைப் பார்த்து. எண்பத்து மூன்றில் அப்பா செத்துப் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்தவர்தானே, அண்ணியும் ரெண்டு பொட்டைப் பிள்ளைகளும் தனியாக எப்படி என்று எல்லோரும் சொல்ல, இருந்துவிட்டார், அப்பாவின் நாற்காலியில், அப்பாவின் தட்டில், வாசல் பக்கம் காற்று வருகிற இடத்தில் அப்பாவின் கட்டிலில். அப்போது யாரும் அதைத் தப்பாகச் சொல்லவில்லை. அம்மாகூட அவருக்குத்தான் முதலில் சோறு போட்டாள். அதற்கென்ன, மண்குளவியும் கதவை அடைத்துவிட்டுத்தானே போகிறது.

நூற்று நாற்பத்து மூன்று பெட்டிகள். இந்த எண்ணிக்கை அவளுக்குத் தன் பிறந்த தேதியைவிடச் சரியாகத் தெரியும். நூற்று நாற்பத்து மூன்று தீப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சி, பொன்வண்டு, தட்டான், சாணி வண்டு, மழைக்கு வரும் ஈசலில் சிறகுள்ளது ஒன்று சிறகு விழுந்தது ஒன்று, பூரான் கூட ஒன்று, பூரான் பூச்சி இல்லை என்று அப்போது தெரியாது, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு, இடம், நாள், கண்டவர். முனியசாமி கோயில் வேப்பமரம், பிப்ரவரி ஒன்பது, சு. தங்கபுஷ்பம். சீட்டு எழுது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எங்கே பார்த்தாள் அதை, எங்கேயோ பார்த்தாள், விடு. சீட்டு இல்லாத பூச்சி குப்பை என்று இன்றைக்கு ஆராய்ச்சி மாணவர்களிடம் கத்துகிறாள், இடமும் நாளும் எழுதாமல் என்ன அபூர்வத்தைக் கொண்டுவந்தாலும் தூக்கி எறிவேன் என்கிறாள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் சீட்டு மேடம் என்கிறார்கள், பதினோரு வயதிலேயே அவள் சீட்டு மேடம்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. சுவர் அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க அவளுடையது. வடிவு அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருத்தர், காபி குடித்ததும் சிகரெட் எடுத்தார், எதிரே அலமாரி நிறையத் தீப்பெட்டி, கோவில்பட்டி வீடு, தெருவுக்குத் தெரு தீப்பெட்டி செய்கிற ஊர், தீப்பெட்டிக்கா பஞ்சம், கை நீட்டி ஒன்றை எடுத்துத் திறந்தார். பூரான் பெட்டி. செத்த பூரான்தான், காய்ந்து சுருண்டது. அந்த மனுஷன் போட்ட கூச்சலில் காபித் தம்ளர் உருண்டது, சிகரெட் வேட்டியில் விழுந்தது, நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இதென்ன சகுனம் என்று பூ வைக்காமலே எழுந்து போய்விட்டார்கள். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அக்காவே சொல்வாள், அந்தப் பூரானுக்கு நான் கோயில் கட்டிக் கும்பிடணும்டி, அந்தக் குடிகாரக் குடும்பத்துக்குப் போயிருந்தா நான் என்னாகியிருப்பேன். ஆனால் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

மே பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, எண்பத்தாறு. புழக்கடையில் வெயில் காய்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் போன கையோடு சித்தப்பா அலமாரித் தட்டையே உருவி எடுத்துக்கொண்டு வந்து கவிழ்க்கிறார், பெட்டிகள் குவியலாக விழுகின்றன, தங்கபுஷ்பம் அழவில்லை, ஒரே ஒரு பெட்டியை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் பெரிய பெட்டி, அதற்குள் ஒரு மண்கூடு, சமையல்கட்டு சன்னலிலிருந்து பத்திரமாகப் பெயர்த்தது, பத்தொன்பது நாளாகக் காதில் வைத்துக் கேட்கிறாள், இரண்டு நாளாக உள்ளே சுரண்டுகிற சத்தம், மெல்லிசாக, நகத்தால் தாளைச் சுரண்டுவது மாதிரி. இன்றோ நாளையோ வந்துவிடும். என்ன வரும் என்று தெரியாது, கட்டினதை அவள் பார்க்கவில்லை, மஞ்சளா கறுப்பா, இடுப்பு மெலிந்ததா, அதைத் தெரிந்துகொள்ளத்தான் காலையில் எழுந்ததும் ஓடி ஓடிப் போய்க் கேட்கிறாள். அதுல என்ன, என்கிறார் சித்தப்பா. இன்னும் வரல, என்கிறாள். இன்னும் வரல சித்தப்பா. பிடுங்கிக் குவியலில் போடுகிறார். பேக்டரியில் கழித்துப் போட்ட தீப்பெட்டி ஒன்றிலிருந்து குச்சி எடுத்து உரசுகிறார், பற்றவில்லை, இன்னொன்று, மருந்து உதிர்கிறது, இன்னொன்று, அதுவும் இல்லை, மூன்று குச்சி பற்றாமல் போகிறது, அந்த மூன்று குச்சி நேரத்தில் அவள் வேண்டிக்கொண்டதைப்போல வாழ்க்கையில் எதற்கும் வேண்டிக்கொண்டதில்லை, வேலைக்கு இல்லை, அம்மாவின் கடைசி நாட்களுக்குக்கூட இல்லை. நாலாவது பற்றிவிட்டது. தீப்பெட்டி அட்டைக்குத் தீ பிடிக்கச் சொல்லியா தர வேண்டும். மண்கூடு மட்டும் எரியவில்லை, கடைசியில் டப்பென்று ஒரு சத்தம், வெடித்தது. அதற்கப்புறம் சுரண்டல் இல்லை. மறுநாளே பள்ளிக்கூடம் போதும் என்றார், அம்மா அக்காவோடு அவளும் வீட்டில் உட்கார்ந்து கூலிக்குத் தீப்பெட்டி ஒட்டினாள், பதின்மூன்று மாதம், பசை நாற்றம் விரலைவிட்டுப் போனதே இல்லை, பூச்சி வைக்க முடியாத பெட்டிகள், ஆயிரம் ஆயிரமாக. ஒருநாள் காலையில் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டாள். சாயங்காலம் சித்தப்பா கேட்டதற்கு, அவ போவா, என்று மட்டும் சொன்னாள். அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடிந்ததை அம்மா ஏன் பதின்மூன்று மாதம் கழித்துச் சொன்னாள் என்று கேட்கத் தங்கபுஷ்பத்துக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவும் செத்துவிட்டாள்.

சிலர் சொல்வார்கள், அவர் எரித்ததால்தான் உனக்குள் வெறி வந்தது, அந்த வெறிதான் உன்னை இங்கே கொண்டுவந்தது என்று, ஏதோ பெரிய தத்துவம் சொன்ன முகத்தோடு. எரித்ததால் ஒரு மண்ணும் வரவில்லை. எரிப்பதற்கு முன்னால் நூற்று நாற்பத்து மூன்று இருந்தது, எரித்த பின் ஒன்றும் இல்லை, இதுதான் கணக்கு. வேப்பமரத்தடியில் மண்டியிட்டு எறும்புப் புற்றில் சர்க்கரை தூவி நாழிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அதற்கு முன்பே விஞ்ஞானிதான், ஊருக்குத்தான் தெரியவில்லை. அவர் எரிக்காமல் இருந்தால் பதின்மூன்று மாதம் முன்னதாக இங்கே வந்திருப்பாள், அந்தக் கூட்டிலிருந்து வந்தது என்னவென்று தெரிந்திருக்கும். அதுதான் போன வருஷம் தோன்றியது, கோவில்பட்டிப் பக்கம் ஒரு பாழடைந்த பம்புசெட் அறையில் கிடைத்த மண்கூடுகளிலிருந்து இந்தப் பச்சைக் குளவி வந்தபோது, அதே மண், அதே அளவு, அதே மாதிரி சன்னல் மூலை. அன்றைக்குச் சுரண்டியது இதுவாகவும் இருந்திருக்கலாம். கட்டினவளின் பிள்ளையாகவும் இருந்திருக்கலாம். இனி யார் வந்தும் சொல்ல முடியாது, வெடித்த கூட்டுக்குச் சீட்டு எழுத முடியாது.

போன் அடித்தது. திரையில் கோவில்பட்டி வீட்டு எண். அக்காதான் வேலையைக் காட்டிவிட்டாள், குளவிப் படத்தை அனுப்பி இதுக்குச் சித்தப்பா பேர் என்று தங்கபுஷ்பம் ஒரு வரி போட்டது தப்பு, அதைப் பார்த்து உனக்கு எவ்வளவு பெரிய மனசுடி என்று அக்கா அழுத குரலில் பேசினாளே, அப்போதே பயந்தாள்.

"தாயி, நாந்தான்." எண்பது வயதிலும் குரல் கணீரென்றுதான் இருக்கிறது. "வடிவு படத்தைக் காட்டுனா. ஏயப்பா, மரகதம்லா. என் பேரையா வச்சிருக்க அதுக்கு?"

"ஆமா சித்தப்பா."

"உலகம் பூரா அந்தப் பேர்தானா? அமெரிக்காக்காரனும் அப்படித்தான் சொல்லணுமா?"

"அப்படித்தான் சொல்லணும்."

"தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். மிட்டாய் வாங்கிக் குடுத்தாச்சு. கேக்கிறவுக கிட்ட நான் ஒண்ணுதான் சொல்லுதேன், அவளுக்குப் பூச்சி கூட்டி வைக்க முதல் பெட்டி கொண்டாந்து போட்டதே நான்தான்னு. பேக்டரில கழிவுப் பெட்டியச் சாக்குல கட்டி சைக்கிள்ல வச்சுக் கொண்டாருவேன், ஞாபகமிருக்கா? எண்ணிக்கோ தாயின்னு தருவேன். நீ ஒண்ணொண்ணா எண்ணுவ."

ஞாபகம் இருந்தது. அதுதான் கொடுமை. இத்தனை வருஷமாக அந்தப் பெட்டிகள் ஏதோ ஆகாயத்திலிருந்து விழுந்த மாதிரி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சாக்கு வந்தது, சைக்கிள் வந்தது, பேக்டரியில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் கழுத்து வியர்வை வந்தது, ஒரு பொன்வண்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது என்ன விலை பெறும் என்று கேட்டுச் சிரித்த வாய் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது, வேண்டவே வேண்டாம் என்று அவள் தள்ளியது. பண்டல் சீட்டு. ஒவ்வொரு தீப்பெட்டிப் பண்டலுக்குள்ளும் ஒரு துண்டுத் தாள் இருக்கும், எந்த ஷெட், என்ன தேதி, யார் அடைத்தது. அங்கேதான் பார்த்தாள். இடம், நாள், கண்டவர். அவள் தொழிலின் முதுகெலும்பே அந்த ஆளின் சைக்கிள் காரியரில் வந்து இறங்கியிருக்கிறது. தங்கபுஷ்பம் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள். பழி வாங்க நினைக்கிறவளுக்கு இப்படியா ஞாபகம் வர வேண்டும். ஆனாலும் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது, கேட்டால் தீர்ந்துவிடும் என்றுகூட ஒரு நப்பாசை, அவர் வாயால் ஒரே ஒரு சொல், வேறு எதுவும் வேண்டாம்.

"அந்தப் பெட்டியெல்லாம் கடைசில என்னாச்சு சித்தப்பா?"

தொண்டையைச் செருமினார். மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் காத்திருந்தாள், பெட்டியைக் காதில் வைத்துக் காத்திருந்தது போலவே.

"அது... கரையான் கிரையான் அரிச்சிருக்கும் தாயி. நம்ம வீட்டுலதான் கரையான் தொல்லை ஜாஸ்தில்லா. அத்தனை வருசம் ஆச்சு, யாரு கண்டா."

கரையான். பழியைத் தூக்கிப் பூச்சிமேல் போட்டுவிட்டார். மறந்திருந்தால் அந்தச் செருமல் வந்திருக்காது, மறந்தவர் உடனே சொல்வார், இவர் தேடி எடுத்துச் சொன்னார், எல்லாம் ஞாபகம் இருக்கிறது அவருக்கு, மூன்று குச்சி பற்றாததுகூட ஞாபகம் இருக்கும். திட்டலாம். இப்போதே சொல்லலாம், அந்த மரகதம் என்ன பிழைப்புப் பிழைக்கிறது தெரியுமா என்று விளக்கலாம். ஆனால் அவர் மேலே பேசிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு செய்யி தாயி. அதுல என்னைப் பத்திப் போட்டிருக்கியாம்லா, அதைத் தமிழ்ல எழுதி அனுப்பு. இங்கிலீஷ் எனக்கு என்ன தெரியும். பெரிய எழுத்துல, நீயே உன் கைப்பட எழுது. கண்ணாடி போட்டு முன்வாசல்ல மாட்டப் போறேன், வாரவுக போறவுக எல்லாம் படிக்கட்டும்."

"எழுதி அனுப்புறேன் சித்தப்பா," என்றாள். "ஒரு எழுத்து விடாம எழுதுறேன்."

போனை வைத்தபோது பதினொன்று இருபது. கணினித் திரையில் அந்த வரி அப்படியே இருந்தது, சிற்றப்பா, பெயர், சூட்டப்படுகிறது. இதுவா பழி. யாருக்கும் தெரியாமல் தனக்குள்ளேயே சிரித்துக்கொள்ள ஒரு பழி, அந்த மனுஷன் அதில் மிட்டாய் வாங்கித் தின்கிறார். அழித்தாள். வெற்றிடம். பேர் வைக்காமலே விட்டுவிடலாம், நிறத்தின் பெயர் வைக்கலாம், தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தவர் முகத்தில் எதை வைத்துக்கொண்டு நடப்பார், அதை நினைத்ததும் ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது, உடனே கசந்தது. பெயரை எடுத்துவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து போய்விடும், கரையானே அரித்த மாதிரி ஆகிவிடும், அவர் சொன்னதே நிஜமாகிவிடும். பதினொன்று முப்பத்தைந்து. எழுதத் தொடங்கினாள், எரித்தவர், அந்தச் சொல்லை முதலில் தட்டினாள், பிறகு அதன் முன்னே பின்னே கட்டினாள், எல்லாம் சரியாக வந்தது, படித்துப் பார்த்தாள், பழி தீர்ந்த வாக்கியம். ஆனால் கை அனுப்பும் இடத்துக்குப் போகவில்லை. சைக்கிள் காரியர் நடுவில் நின்றது. எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். ஒரு வரி விட்டுப்போன சீட்டைக் கொண்டுவருகிற மாணவனை என்ன சொல்லித் திட்டுவாள், தனக்குப் பிடித்ததை மட்டும் எழுத இது என்ன உன் நாட்குறிப்பா என்பாள். அந்த ஆள் எரித்ததை விட்டுவிட்டுச் சொல்கிறார், இவள் கொடுத்ததை விட்டுவிட்டு எழுதினால் இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம், அவர் ஜெயித்த மாதிரி, அப்படி விட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டிகளையும் எழுதினாள். எழுதிய பின் படித்துப் பார்த்தாள், அவளுக்கே ஆச்சரியம், இப்போதுதான் அந்த வாக்கியம் அதிகமாகச் சுட்டது. கொடுத்த கை என்று தெரிந்த பிறகுதான் எரித்த கை யாருடையது என்று படிக்கிறவனுக்கு உறைக்கும். பத்திரிகை ஆசிரியர் கேட்டால் கேட்கட்டும், இடமும் நாளும் இருக்கிறது, பொய் ஒன்றும் இல்லை. பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினாள்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்தாள், தடித்த பேனாவை எடுத்தாள், கைப்பட, பெரிய எழுத்தில், வாசலில் நின்றால் தெருவிலிருந்தே படிக்க முடிகிற அளவில், ஓர் எழுத்தும் விடாமல் எழுதினாள்.

இந்தக் குளவிக்குப் பூவநாதனின் பெயர். ஆசிரியர் முதன்முதலில் பூச்சிகளைச் சேர்த்து வைத்த நூற்று நாற்பத்து மூன்று தீப்பெட்டிகளையும் கொண்டுவந்து கொடுத்தவர் இவர். அவற்றை, உள்ளே ஒன்று உயிரோடு இருக்கும்போதே, எரித்தவரும் இவர்.

இடம்: கோவில்பட்டி, வீட்டுப் புழக்கடை.

நாள்: 11 மே 1986.

கண்டவர்: சு. தங்கபுஷ்பம், வயது பதினொன்று.